புத்தாண்டு இரவும் புதுப்பிக்கப்படும் விசுவாசமும்

டிசம்பர் 31. இரவு பதினொரு மணி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அப்போதும் சிலர் நடந்துகொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் ஊரில் உள்ள தேவாலயங்களில் விளக்குகள் எரியத் தொடங்கும். புதுத்துணி உடுத்திய குடும்பங்கள், தூங்கி வழியும் குழந்தைகள், கையில் வேதாகமத்துடன் பெரியவர்கள். பன்னிரண்டு மணிக்கு ஆலய மணி ஒலிக்கும். "ஹேப்பி நியூ இயர்" என்று கைகுலுக்குவதற்கு முன் ஒரு நிமிடம் எல்லோரும் முழங்கால் போடுவார்கள். கடந்த ஆண்டின் குற்றங்களை அறிக்கையிட்டு, வரும் ஆண்டை ஆண்டவர் கையில் ஒப்படைப்பார்கள். பல சபைகளில் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையும் கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் காணக்கூடிய காட்சிதான் இது. ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. ஜனவரி 1 அன்று விசுவாசத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று வேதாகமத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அப்படியானால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? கோயில் நகரமான திருவண்ணாமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்த இரண்டு கேள்விகளையும் இக்கட்டுரை வரலாற்றின் வழியே பார்க்கிறது.

வேதாகமத்தில் உடன்படிக்கை

ஜனவரி 1 வேதாகமத்தில் இல்லை. ஆனால் மக்கள் ஒன்றுகூடித் தங்கள் உடன்படிக்கையைப் புதுப்பித்த நிகழ்ச்சிகள் உண்டு. யோசுவா தன் முதுமையில் இஸ்ரவேல் கோத்திரங்களைச் சீகேமில் கூட்டி, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டார். மக்கள் பதில் சொன்ன பிறகு ஒரு பெரிய கல்லை எடுத்து நாட்டி, இந்தக் கல் சாட்சி என்றார்.

நமது தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது நெகேமியா புத்தகம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த யூதர்கள் ஏழாம் மாதம் முதல் தேதியில் எருசலேமில் கூடினார்கள். எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தார். அதைக் கேட்டு மக்கள் அழுதார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த ஏழாம் மாதம் முதல் தேதிதான் பிற்காலத்தில் யூதர்களின் புத்தாண்டு நாள் ஆனது. அதே மாதம் இருபத்து நான்காம் தேதி அவர்கள் உபவாசம் இருந்து பாவ அறிக்கை செய்தார்கள். பிறகு உடன்படிக்கை எழுதி முத்திரை போட்டார்கள்.

அந்த உடன்படிக்கையில் இருப்பது பக்தி வாக்கியங்கள் மட்டுமல்ல. ஓய்வுநாளில் சரக்கு வாங்க மாட்டோம், ஏழாம் வருடத்தில் கடனை விட்டுவிடுவோம் என்ற உறுதிமொழிகளும் இருக்கின்றன. அதாவது விசுவாசத்தைப் புதுப்பித்தவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தையும் திருத்த வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஜனவரி 1 எப்படி வந்தது?

ரோமாபுரியில் கி.மு. 153 முதல் கான்சல்கள் எனப்பட்ட உயர் அதிகாரிகள் ஜனவரி 1 அன்று பதவி ஏற்றார்கள். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகங்கள் கொண்ட ஜானஸ் தெய்வத்தின் மாதம் அது. அன்று விருந்தும் பரிசுகளும் கேளிக்கையும் நடக்கும். ஆரம்பகாலத் திருச்சபைக்கு இந்த நாள் பிடிக்கவில்லை. கி.பி. 567இல் பிரான்சில் உள்ள தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம், ஜனவரியின் முதல் நாட்களில் ஊரார் செய்யும் பழைய வழக்கங்களுக்கு எதிராக மன்றாட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்று கூறியது. ஆக, புத்தாண்டில் கிறிஸ்தவர்கள் முதலில் செய்தது கொண்டாட்டம் அல்ல, ஒருவகை எதிர்ப்பு!

பின்னர் அந்த நாள், பிறந்த எட்டாம் நாளில் இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்து பெயர் சூட்டியதை நினைவுகூரும் திருநாள் ஆனது. கத்தோலிக்கத் திருச்சபை 1969ஆம் ஆண்டு நாட்காட்டித் திருத்தத்துக்குப் பிறகு அதை இறைவனின் தாய் மரியாவின் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. 1968 முதல் அது உலக அமைதி நாளும் ஆகும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 1751 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1752இலிருந்துதான் ஜனவரி 1 அதிகாரப்பூர்வப் புத்தாண்டு ஆனது. நம் ஊர் கிறிஸ்தவர்களின் புத்தாண்டு வழக்கம் இந்தக் காலத்து ஐரோப்பாவோடு தொடர்புடையது.

பௌர்ணமி வெளிச்சத்தில் ஒரு ஜெபக்கூட்டம்

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவிய சபையார் வாழ்ந்தார்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த அகதிகள் அவர்கள். 1728இல் அவர்களின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு, ஒவ்வொரு நாளும் ஒரு வசனத்தைச் சபையாருக்குக் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிடப்பட்டு வருகிறது. நம் சபைகளின் வாக்குத்தத்த அட்டையைப் பார்க்கும்போது அந்தப் புத்தகம் நினைவுக்கு வரும். ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து ஜெபிக்கும் வழக்கமும் 1733இல் இவர்களிடமே தொடங்கியது என்பார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். முன்பு மதுக்கடையில் இரவைக் கழித்தவர்கள், ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தால் மனம் மாறியபின் அதே இரவுகளை ஜெபத்தில் கழித்தார்கள். இது சரியல்ல, நிறுத்திவிடுங்கள் என்று சிலர் வெஸ்லியிடம் சொன்னார்கள். அவர் யோசித்தார். ஆதி கிறிஸ்தவர்களும் இப்படி விழித்திருந்தவர்கள்தானே என்று முடிவு செய்து, அதைத் தடுப்பதற்குப் பதிலாக மாதாந்தரக் கூட்டமாக ஏற்படுத்தினார். 1742 ஏப்ரலில் லண்டனிலும் முதல் விழிப்பு ஆராதனை நடந்தது.

அந்தக் கூட்டத்துக்கு எந்த இரவைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமை இரவை. தெருவிளக்கு இல்லாத காலம். கூட்டம் நள்ளிரவு தாண்டித்தான் முடியும். வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரவில் நடந்தே சுற்றும் ஊர் அல்லவா!

மாதந்தோறும் நடந்த விழிப்பு ஆராதனை காலப்போக்கில் ஆண்டின் கடைசி இரவுக்கு மட்டும் என்று ஆனது. அமெரிக்காவில் அதற்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. 1862 டிசம்பர் 31 இரவு, கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி விடியலுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள், 1863 ஜனவரி 1 அன்று, ஆபிரகாம் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர இருந்தது. அவர்களுக்குப் புத்தாண்டு விழிப்பு என்பது சங்கிலி உடைவதற்கான காத்திருப்பு.

எழுந்து நின்ற 1800 பேர்

விழித்திருப்பது ஒன்று. உறுதிமொழி கொடுப்பது இன்னொன்று. 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் வெஸ்லி முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். அதற்கு முன் சில நாட்கள் அதன் பொருளைச் சபையாருக்கு விளக்கினார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரிச்சர்ட் அலைன் என்ற போதகர் வெளியிட்ட நூலிலிருந்து உறுதிமொழியை வாசித்தார். சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது சுமார் 1800 பேர் எழுந்து நின்றதாக அவரது நாட்குறிப்பு கூறுகிறது. பின்னாட்களில் இந்த ஆராதனை ஆண்டின் தொடக்கத்தில் நடப்பது வழக்கமானது. 1780இல் வெஸ்லி இதைத் தனி நூலாகவும் அச்சிட்டார்.

இந்த உறுதிமொழியில் நல்ல ஆண்டைக் கொடு, ஆசீர்வாதம் கொடு என்ற வேண்டுதல் பிரதானமாக இல்லை. தன்னைப் பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக இருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் சரி, கடவுளுடையவனாக இருப்பேன் என்பதே அதன் சாரம். வாக்குத்தத்த அட்டை கடவுள் மனிதனுக்குத் தரும் வாக்கு. உடன்படிக்கை ஆராதனை மனிதன் கடவுளுக்குத் தரும் வாக்கு. இரண்டும் ஒரே இரவில் நம் சபைகளில் நடக்கும்போது, முதலாவதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுவது எளிது.

தமிழகத்துக்கு வந்த பாதை

1706 ஜூலையில் டென்மார்க் மன்னரின் ஆதரவோடு சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1760இல் மொராவிய சபையாரும் அங்கே வந்து ஒரு தோட்டம் அமைத்துக் குடியேறினார்கள். வெஸ்லியின் சபையைச் சேர்ந்த மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணிசெய்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் உடன்படிக்கை ஆராதனையும் அதன் சொத்தாக வந்து சேர்ந்தது. 1963இல் வெளியான தென்னிந்தியத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் அதற்கும் இடம் உண்டு.

திருவண்ணாமலைக்கு வந்த பாதை சற்று மாறுபட்டது. இங்கே முக்கியமாகப் பணிசெய்தது 1821இல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனரி சங்கம். ஊரின் மையத்தில் உள்ள டேனிஷ் மிஷன் மேல்நிலைப்பள்ளியின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. அந்த மிஷனின் வழிவந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

இந்த மிஷன் தமிழகத்தில் காலூன்றிய கதையைப் பலர் அறியமாட்டார்கள். அதன் பின்னணியில் இருப்பது சாதிப் பிரச்சினை.

தரங்கம்பாடியின் பழைய சபைகளிலேயே சாதிவாரியாக இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காதவர்கள் சபையைவிட்டே விலகினார்கள். மறுபக்கம், லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், சாதி ஒரு சமூக ஏற்பாடு, அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்க வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்பவரால் இதை ஏற்க முடியவில்லை. ஒரே திருவிருந்தில் பங்குபெறுபவர்கள் ஒருவரையொருவர் தீண்டத்தகாதவராக எப்படி நினைக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. 1850களின் இறுதியில் அவர் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறினார். பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணியைத் தொடங்கி, அந்த இடத்துக்குப் பெத்தானி என்று பெயர் வைத்தார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. அங்கிருந்துதான் பணி திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று விரிந்தது.

ஆக, திருவண்ணாமலையில் புத்தாண்டு இரவு முழங்கால் போடும் லுத்தரன் சபையின் வேரில் ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவர் யார்? அவரோடு ஒரே பாத்திரத்தில் பங்குபெற முடியுமா? ஓக்ஸ் 1873இல் இறந்துவிட்டார். ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச்சுவர் இருந்ததும், அதற்கு எதிராகக் கிறிஸ்தவர்களே போராடியதும் அண்மைக்கால வரலாறு.

1949 ஜனவரி: மலையடிவாரத்தில் ஒரு துறவி

திருவண்ணாமலையில் ஒரு ஆண்டுத் தொடக்கத்தில் தன் விசுவாசம் அசைக்கப்பட்டதை உணர்ந்த இன்னொரு கிறிஸ்தவரும் உண்டு. அவர் பெயர் ஹென்றி லெ சோ. 1910இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி, குரு. 1948 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர இந்தியாவின் முதல் ஆண்டு நிறைவு நாளில், இந்தியா வந்து சேர்ந்தார். குளித்தலையில் பணியாற்றிய ஜூல்ஸ் மோன்சனின் என்ற பிரெஞ்சு குருவோடு சேர்ந்து, இந்திய முறையில் ஒரு கிறிஸ்தவத் துறவு வாழ்க்கை அமைக்க வேண்டும் என்பது அவரது கனவு.

1949 ஜனவரியில் மோன்சனின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். ரமண மகரிஷியைக் காண்பதற்காக. லெ சோ பெரிய எதிர்பார்ப்போடு வந்தார். முதலில் ஏமாற்றம்தான்! கண்டது ஒரு சாதாரண முதியவரை. ஆனால் அங்கே ஓதப்பட்ட வேதங்களும் அந்த மௌனமும் அவருக்குள் எதையோ தொட்டுவிட்டன. காய்ச்சலும் வந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் அந்த நாட்கள் அவரை விடவில்லை.

1950 மார்ச் 21 அன்று குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் அவரும் மோன்சனினும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று அழைக்கப்படுவது அதுதான். லெ சோ அபிஷிக்தானந்தா ஆனார். அடுத்த மாதம், ஏப்ரல் 14 அன்று, ரமணர் மறைந்தார். ஆனாலும் 1952 முதல் 1955 வரை அபிஷிக்தானந்தா மீண்டும் மீண்டும் அருணாசல மலைக்கு வந்து அதன் குகைகளில் தங்கித் தியானம் செய்தார்.

அது நிம்மதியான காலம் என்று நினைத்தால் தவறு. கிறிஸ்தவக் குருவாக இருந்துகொண்டே அத்வைத அனுபவத்துக்குள் போக முடியுமா, அல்லது இரண்டில் ஒன்றை இழக்க வேண்டுமா என்ற வேதனை அவரைப் பிய்த்தெடுத்தது. மறைவுக்குப் பின் வெளியான அவரது நாட்குறிப்பு இதற்குச் சாட்சி. அவர் போகும் திசையை நண்பர் மோன்சனினே ஏற்கவில்லை. ஆனாலும் அவர் திருச்சபையைவிட்டுப் போகவில்லை, குருத்துவத்தைத் துறக்கவுமில்லை. 1968இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பில் விட்டுவிட்டு வடக்கே இமயமலைப் பக்கம் சென்றார். 1973 ஜூலையில் ரிஷிகேசில் மாரடைப்பு ஏற்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தோரில் காலமானார்.

அபிஷிக்தானந்தா சென்ற வழி சரியா தவறா என்று இன்றும் கிறிஸ்தவர்களிடையே விவாதம் உண்டு. சிலர் அவரை முன்னோடி என்பார்கள். சிலர் எல்லை தாண்டியவர் என்பார்கள். அந்தத் தீர்ப்பு இக்கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் ஒன்று தெளிவு. அவருக்கு விசுவாசத்தைப் புதுப்பிப்பது என்பது பழைய உறுதிமொழியைத் திரும்ப ஒப்புவிப்பதாக இருக்கவில்லை. விடை தெரியாத கேள்வியோடு இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்வதாக இருந்தது.

வரலாறு சொல்வது

மேலே கண்டவர்களைச் சேர்த்துப் பார்ப்போம். நெகேமியாவின் காலத்தவர் கடனை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். கிங்ஸ்வுட் தொழிலாளர்கள் மதுக்கடை இரவை மாற்றிக்கொண்டார்கள். ஓக்ஸ் சாதியோடு சமரசம் செய்ய மறுத்துத் தன் மிஷனையே இழந்தார். அபிஷிக்தானந்தா தன் பழைய நிச்சயத்தை இழந்தார். புதுப்பித்தவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்றை விட்டிருக்கிறார்கள். எதையும் விடாமல் புதுப்பித்தவர் இந்த வரிசையில் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் மக்கள் தொகையில் மிகச் சிறிய பகுதிதான். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றப்படும் தீபம் பதினொரு நாட்கள் எரிகிறது. அது அணைந்து சில வாரங்களில் ஆலயங்களில் புத்தாண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. மெழுகுவர்த்தி ஆராதனை முடியும் வரை எரியும், அவ்வளவுதான். அதன் பிறகு உள்ள 364 நாட்களில், வாங்கிய கடனிலும் கொடுத்த கடனிலும், பக்கத்து இருக்கையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதிலும், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதிலும்தான் அந்த இரவில் சொன்ன வார்த்தை உண்மையா என்பது தெரியும்.

யோசுவா நாட்டிய கல் பேசவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது என்கிறது வேதாகமம். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 இரவு சொல்லப்படும் உறுதிமொழிகளையும் ஆலயச் சுவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.